ஆகாசப் புளுகு

டெலிபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் டீ கிளாஸை உதட்டுக்குக் கொண்டுபோன நேரம் பார்த்து அலறியது.

"நான் எடுக்கறேன் மேடம்" என்று எழுந்தார் ஏட்டு. எழுந்தார்... எழுந்துகொண்டே இருந்தார்! அத்தனை உயரம். படைத்தவன் உயரத்துக்கே எல்லாவற்றையும் செலவழித்துவிட்டு அகலத்துக்குக் கையை விரித்துவிட்டிருந்தான். ஸ்டேஷனில் அவருக்கு 'ஒட்டடைக்குச்சி' என்று பெயர். நேருக்கு நேர் அப்படிக் கூப்பிடும் உரிமை இன்ஸ்பெக்டர் அம்மாளுக்கு மட்டும்.

ரிசீவரைக் காதில் வைத்தவரின் முகம் மாறியது.

"மேடம்... கடைத்தெருப் பல் ஆஸ்பத்திரி. ரிசப்ஷன் பொண்ணு பேசுது. பேசல... கத்துது!"

"என்னவாம்?"

"டாக்டரம்மா நாற்காலியிலயே செத்துக் கிடக்கறாங்களாம்!"

டீ அப்படியே ஆறியது. ஜீப் பறந்தது.

பழைய இரண்டு மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் பல் ஆஸ்பத்திரி. கண்ணாடிக் கதவில் ஒரு பல்வரிசை பளீரென்று சிரித்தது.

உள்ளே சிரிப்பதற்கு எதுவும் இல்லை.

நோயாளிகள் சாயும் அந்த நீள நாற்காலியில் டாக்டர் சாய்ந்திருந்தாள். நாற்பதை நெருங்கும் வயது. வெள்ளைக் கோட்டு. தலைக்கு மேல் வட்ட விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. பல்லைக் குடையும் மெஷினின் ரப்பர் குழாய் அவள் கழுத்தை இரண்டு சுற்று சுற்றி இறுக்கியிருந்தது. ஒரு செருப்பு காலில். இன்னொன்று சுவரோரமாய்த் தலைகுப்புற.

உதைத்துப் போராடியிருக்கிறாள்...

இன்ஸ்பெக்டர் குழாயைப் பிரித்து எறிந்தாள். கழுத்தில் இரண்டு விரல்களை வைத்தாள்.

ஒன்றுமில்லை.

விரல்களை இன்னும் கொஞ்சம் அழுத்தினாள்.

இருக்கிறதா, இல்லையா என்று சந்தேகப்படும்படி... ஏதோ ஒன்று துடித்தது!

"ஒட்டடை! ஆம்புலன்ஸ்!"

ஆம்புலன்ஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. கூடவே ஒரு போலீஸ்காரரும் போனார். இன்ஸ்பெக்டர் ஏட்டைத் தனியாக இழுத்தாள்.

"உயிர் இருக்கறது நமக்கும் பெரிய ஆஸ்பத்திரி டாக்டருக்கும் மட்டும்தான் தெரியணும். செத்துட்டாங்கன்னு நாமா சொல்லவேண்டாம். பிழைச்சுட்டாங்கன்னும் சொல்லவேண்டாம்."

"எதுக்கு மேடம்?"

"காரியம் முடிஞ்சுதுன்னு நினைக்கிறவன் நிம்மதியா இருப்பான். நிம்மதியா இருக்கறவன்தான் அதிகமாப் பேசுவான்."

ரிசப்ஷன் பெண் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு தேம்பினாள்.

"டாக்டரம்மா தினமும் பத்து மணிக்கே வந்துடுவாங்க மேடம். நான் பதினோரு மணிக்குத்தான் வருவேன். கூட்டம் வர்றதுக்கு முன்னால அந்த நாற்காலியிலயே கண்ணை மூடிச் சாஞ்சுப்பாங்க. 'நாள் பூரா மத்தவங்க வாயைப் பார்க்கணும்டி, கொஞ்ச நேரம் எதையும் பார்க்காம இருக்கேனே'ம்பாங்க..."

பின்பக்கக் கதவு திறந்து கிடந்தது. பூட்டில் ஒரு கீறல் கூட இல்லை. சாவி போட்டுத் திறந்திருக்கிறார்கள்.

"சாவி யார் யார்கிட்ட இருக்கு?"

"டாக்டரம்மாகிட்ட ஒண்ணு. என்கிட்ட ஒண்ணு. சார்கிட்ட ஒண்ணு."

"சார்னா?"

"அவங்க வீட்டுக்காரர். கட்டட என்ஜினியர். மலையில ஒரு ஹோட்டல் கட்டறார். அங்கேயேதான் இருப்பார். வாரத்துக்கு ஒரு தரம் ஃப்ளைட்ல வந்துட்டுப் போவார். இன்னிக்குக்கூடப் பத்து மணி ஃப்ளைட்ல வர்றதா டாக்டரம்மா சொன்னாங்க..."

ஒட்டடைக்குச்சி அந்த என்ஜினியரின் நம்பரை வாங்கி அழுத்தினார்.

ஸ்விட்ச் ஆஃப்.

மீண்டும் மீண்டும் அழுத்திக் கடைசியில் நண்பகல் தாண்டித்தான் மணி அடித்தது.

"சார், உங்க ஆஸ்பத்திரியில ஒரு விபத்து. உடனே வாங்க."

அதற்குமேல் ஒரு வார்த்தை சொல்லாமல் வைத்துவிட்டார்.

டாக்ஸி வந்து நின்றது.

நீலக் கட்டம் போட்ட சட்டை. தொப்பி. உருட்டுப் பெட்டியின் கைப்பிடியில் விமானக் கம்பெனியின் காகிதப் பட்டை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. ஓடி வந்தவன் வாசலில் போலீஸைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"ஐயோ! யார் பண்ணாங்க? ஒரு ஈ எறும்புக்குக்கூடத் தீங்கு நினைக்காதவளாச்சே... மேடம், பாடியை எப்பத் தருவாங்க?"

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தாள். ஏட்டு மோட்டுவளையைப் பார்த்தார்.

விபத்து என்று சொல்லி அழைக்கப்பட்டவன், யாருக்கு என்று கேட்கவில்லை. எப்படி இருக்கிறாள் என்றும் கேட்கவில்லை!

"கிடைக்கும் சார். தண்ணி குடிங்க. பத்து மணி ஃப்ளைட்தானே? முக்கால் மணி நேரத்துல வந்திருக்கணுமே. போன் கிடைக்கவே இல்லையே?"

"அதை ஏன் கேக்கறீங்க! அங்கேயே லேட்டு. அந்த ஏர்போர்ட்டுல ஒரு மணி நேரத்துக்கு மேல உக்கார வெச்சுட்டாங்க. காபின்னு ஒண்ணு குடுத்தான், வாயில வைக்க முடியல. ஃப்ளைட்ல ஏத்தறப்போ போனை ஆஃப் பண்ணேன். கிளம்பினதுக்கப்புறம் வழக்கம்போல முக்கால் மணி. நல்லாத் தூங்கிட்டேன்..."

தொப்பியைக் கழற்றி முகத்தைப் பொத்திக்கொண்டான்.

"நான் தூங்கிட்டிருந்த நேரத்துல அவ இங்க... ஐயோ!"

இன்ஸ்பெக்டர் அவன் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டாள்.

ஸ்டேஷன் சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. அதன் உச்சிக்கு ஏணி போடாமல் கை எட்டுவது ஒட்டடைக்குச்சிக்கு மட்டும்தான்.

"இது மலை ஏர்போர்ட். இது நம்ம கடற்கரை ஏர்போர்ட். நேர்க்கோடு போட்டா நூத்தியெண்பது கிலோமீட்டர். ஆனா ரோடு அப்படி வரல மேடம். மலையை ஒரு சுத்து சுத்தி, காட்டுக்குள்ள பூந்து, உப்பங்கழியை வளைச்சுக்கிட்டு வருது. ஐந்நூத்தி இருபது! பேய் மாதிரி ஓட்டினாலும் ஒன்பது மணி நேரம்."

"ஆகாசத்துல?"

"முக்கால் மணி. சீட் பெல்ட்டைப் போட்டுக் கழட்டறதுக்குள்ள ஊர் வந்துடும்."

"அவன் போன் காலையில எங்க இருந்துது?"

"மலையிலதான். கடைசியா அங்கதான் இருந்துது, அப்புறம் ஆஃப். ஃப்ளைட் லிஸ்ட்ல பேர் இருக்கு. ஏறினான், இறங்கினான், ரெண்டுக்கும் பதிவு இருக்கு. ஏர்போர்ட் கேமராவுல ஆளும் இருக்கான். அதே நீலச் சட்டை, அதே பெட்டி."

"முகம்?"

"தொப்பி. மாஸ்க். ஆனா உருவம் அவனேதான் மேடம். விட்டுடுங்க. ஆகாசத்துல இருந்தவன் பூமியில இருக்கறவ கழுத்தை எப்படி நெரிப்பான்?"

இன்ஸ்பெக்டர் விடவில்லை. ரிசப்ஷன் பெண் போகும்போது சொல்லிவிட்டுப் போன ஒரு சங்கதி மண்டைக்குள் ஈயைப்போலச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்தப் பழைய கட்டடம் டாக்டரம்மாவின் மாமனாருடையது. அவர் படுக்கையில் விழுந்தபோது பெற்ற பிள்ளைகள் இருவரும் எட்டிப் பார்க்கவில்லை. மலமும் மூத்திரமும் அள்ளிப் போட்டவள் மருமகள்தான். சாகும்போது கட்டடத்தை அவள் பெயருக்கே எழுதிவிட்டுக் கண்ணை மூடினார். அதை இடித்துவிட்டுப் பன்னிரண்டு மாடி எழுப்பவேண்டும் என்று கணவனுக்கு ஆசை. அவள் அசையவில்லை.

"நான் உயிரோட இருக்கற வரைக்கும் இதுல ஒரு செங்கல்லைப் பெயர்க்க முடியாதுன்னு போன வாரம் சொன்னாங்க மேடம். வெளியில நாற்காலி போட்டு உக்காந்திருந்த எனக்கே கேட்டுது" என்றிருந்தாள் அந்தப் பெண்.

உயிரோடு இருக்கிற வரைக்கும்...

சில பேர் எதையும் சொல்லுக்குச் சொல் அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள்!

"ஒட்டடை, நாளைக்கு நாம மலைக்குப் போறோம். அந்தக் கேமராவை என் கண்ணால பார்க்கணும்."

"ஜீப்லயா மேடம்?" என்றார் ஏட்டு, நடுங்கியபடி.

"ஃப்ளைட்ல."

ஏட்டு இன்னும் அதிகமாக நடுங்கினார்.

இரண்டு பக்கமும் விசிறி சுற்றும் சின்ன விமானம். பஸ்ஸுக்கு இறக்கை முளைத்தது போல இருந்தது. ஒட்டடைக்குச்சி தன் கால்களைப் பல கோணங்களில் மடித்துப் பார்த்தார். எந்தக் கோணத்திலும் முழங்கால் தாடையை இடித்தது.

விமானம் எழும்பியது. கீழே கடல் சாய்ந்தது. ஏட்டு கண்களை இறுக மூடிக்கொண்டு, தெரிந்த சாமிகளை எல்லாம் வரிசையாகக் கூப்பிட்டார்.

பணிப்பெண் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"பயப்படாதீங்க சார். முக்கால் மணி நேரம்தான்."

"எப்பவும் முக்கால் மணிதானாம்மா?" என்றாள் இன்ஸ்பெக்டர், சும்மா ஒரு பேச்சுக்கு.

"எப்பவும் அதான் மேடம். காத்து எதிர்த்தா அஞ்சு நிமிஷம் கூடும். அவ்வளவுதான்..." பணிப்பெண் குரலைத் தாழ்த்தினாள். "நேத்து ஒரு நாள்தான் உயிர் போய் உயிர் வந்துது."

இன்ஸ்பெக்டரின் முதுகு நிமிர்ந்தது.

"நேத்தா? எந்த ஃப்ளைட்?"

"மலையிலேர்ந்து பத்து மணிக்குக் கிளம்பினது. நான்தான் இருந்தேன். கடற்கரைக்கு வந்து இறங்கப் போறோம்... ரன்வே நடுவுல ஒரு ட்ரெயினிங் விமானம் டயர் வெடிச்சு உக்காந்துடுச்சு. அதை நகர்த்தற வரைக்கும் இறங்கக் கூடாதுன்னுட்டாங்க. கடலுக்கு மேல சுத்தினோம். சுத்தினோம்... சுத்திக்கிட்டே இருந்தோம். நடுவுல மழை மேகம் வேற. தூக்கித் தூக்கிப் போட்டுது. பாதிப் பேர் வாந்தி. ஒரு அம்மா மயக்கமே போட்டுட்டாங்க. தரையைத் தொட்டப்போ மணி பன்னெண்டு."

"கிளம்பினது லேட்டா?"

"இல்லையே! கதவைச் சாத்தினதே நான்தான். பத்துன்னா பத்து!"

இன்ஸ்பெக்டர் மெல்ல மூச்சை விட்டாள்.

தரையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன் என்றான். விமானம் அப்போது மேகத்துக்குள் இருந்தது.

முக்கால் மணி நேரம் பறந்தேன் என்றான். அது இரண்டு மணி நேரம் பறந்தது.

நன்றாகத் தூங்கினேன் என்றான். அத்தனை பேரும் குடல் வெளியே வர வாந்தி எடுத்த விமானத்தில்!

ஒட்டடைக்குச்சி ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"அண்டப் புளுகு, ஆகாசப் புளுகுன்னு கேள்விப்பட்டிருக்கேன் மேடம். ஆகாசத்தைப் பத்தியே ஒருத்தன் புளுகி இப்பத்தான் பார்க்கறேன்!"

மலையில் இறங்கி, தொப்பியும் மாஸ்க்கும் மட்டுமே தெரிந்த கேமராப் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, அதே விமானத்தில் அவர்கள் திரும்பினார்கள்.

பிற்பகல். விசாரணை அறை. ஒரு மேஜை. மூன்று நாற்காலிகள். ஒரே ஒரு ஜன்னல். அதற்கும் கம்பி.

என்ஜினியர் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டான்.

"இன்னும் எத்தனை தரம் மேடம் சொல்றது? லேட்டா கிளம்புச்சு. முக்கால் மணியில வந்துது. நான் தூங்கினேன்."

"ஜன்னல் சீட்டா சார்?"

"ஆமா."

"கீழ என்ன தெரிஞ்சுது?"

"தூங்கினேன்னு சொல்றேனே!"

"மலை ஏர்போர்ட்டுல உக்காந்திருந்தீங்களே, அப்பவும் தூக்கமா?"

"இல்ல, முழிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். கடுப்பா இருந்துது."

"அந்தக் கடுப்பான ஒரு மணி நேரம்தான் சார் உதைக்குது." இன்ஸ்பெக்டர் முன்னால் சாய்ந்தாள். "நேத்து ஃப்ளைட் சரியா பத்து மணிக்குக் கிளம்பிடுச்சு. ஒரு நிமிஷம்கூட லேட் இல்லை. அது கடலுக்கு மேல ஒரு மணி நேரத்துக்கு மேல வட்டம் போட்டுச்சு. உள்ள இருந்தவங்க எல்லாம் அலறினாங்க. நீங்க மட்டும் அந்த நேரத்துல ஏர்போர்ட் காபியைக் குறை சொல்லிக்கிட்டு உக்காந்திருக்கீங்க. எப்படி சார்?"

அவன் வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது.

"இல்ல... அது... அப்படி இருக்க முடியாது. லேட்டா கிளம்புச்சுன்னுதானே அவன் சொன்னான்!"



ஒட்டடைக்குச்சியின் கையிலிருந்த பேனா அந்தரத்தில் நின்றது.

இன்ஸ்பெக்டர் மிக மெதுவாகக் கேட்டாள்.

"யாரு சார்... அவன்?"

என்ஜினியரின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கேயோ வடிந்து போனது. வாயிலிருந்து விழுந்துவிட்ட வார்த்தையைப் பொறுக்கி எடுத்து உள்ளே போட்டுக்கொள்ள வழி தேடுபவன் போல மேஜையைத் தடவினான்.

பிறகு உடைந்தான்.

"என் தம்பி..."

"தம்பியா?"

"என்னைவிட ரெண்டு வயசு சின்னவன். பார்த்தா அச்சு அசல் நான்தான். மலையில பழைய கார் வாங்கி விக்கறான். அவனோட காரை எடுத்துக்கிட்டு நான் முந்தாநாளே ரோட்டு வழியாக் கிளம்பிட்டேன். என் அடையாள அட்டை, போன், பெட்டி எல்லாம் அவன்கிட்ட. ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி சட்டை, தொப்பி. என் பேர்ல அவன் பறந்தான். காரியத்தை முடிச்சுட்டு ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல தோப்புல காரோட காத்துக்கிட்டிருந்தேன். வர வேண்டிய நேரத்துக்கு அவன் வரல. போனும் இல்லை, ஒண்ணும் தெரியல. தவிச்சுப் போயிட்டேன். ரொம்ப நேரம் கழிச்சு நடந்து வந்தான். 'என்னடா லேட்டு?'ன்னேன். 'அங்கேயே லேட்டா கிளம்புச்சுண்ணா. ஏறினப்புறம் முக்கால் மணிதான். ஜம்முனு வந்துது. யார் கேட்டாலும் அப்படியே சொல்லிடு'ன்னான். போன், பெட்டி எல்லாத்தையும் குடுத்துட்டுக் காரை எடுத்துக்கிட்டுப் போயிட்டான்..."

"சொன்னான். நீங்களும் அப்படியே சொன்னீங்க."

"அவன் ஏன் மேடம் அப்படிச் சொன்னான்?"

இன்ஸ்பெக்டர் அந்தக் கேள்வியை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டாக்டரம்மா கண் விழித்துவிட்டாள்!

இன்ஸ்பெக்டர் தனியாகப் போனாள். தீவிர சிகிச்சை அறையில் குளிர்ந்த வெளிச்சம். டாக்டரம்மாவின் கழுத்தைச் சுற்றிக் கருநீலமாய் ஒரு வளையம். குரல் எழும்பவில்லை. காதை உதட்டருகே கொண்டுபோக வேண்டியிருந்தது.

"யாருன்னு... பார்க்கல. பின்னாலேர்ந்து..."

"பேசாதீங்கம்மா. அப்புறம் பேசலாம்."

"அவருக்குத் தெரியுமா?"

இன்ஸ்பெக்டர் போர்வையை இழுத்துச் சரி செய்தாள்.

"மெதுவாச் சொல்லுங்க. அவர் பயந்த சுபாவம். ரத்தம் பார்த்தாலே மயக்கம் போட்டுடுவார்... என் கொழுந்தனாருக்குப் போன் பண்ணுங்க. வந்து... அண்ணன் பக்கத்துலயே இருக்கச் சொல்லுங்க. தனியா விடவேண்டாம்னு சொல்லுங்க..."

இன்ஸ்பெக்டர் எத்தனையோ பிணங்களைப் பார்த்தவள். கொலைகாரர்களோடு உட்கார்ந்து டீ குடித்தவள். முதல் தடவையாக ஒரு சாட்சியின் முகத்தைப் பார்க்க முடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரிம்மா. அவங்க ரெண்டு பேரையும் நான் பார்த்துக்கறேன்."

தம்பியைத் தேடிப் போகவேண்டிய அவசியமே இருக்கவில்லை.

அவனே அண்ணன் வீட்டுக்கு வந்து அழுதுகொண்டிருந்தான். சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே அழுதான். போலீஸைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தானாக ஜீப்பில் ஏறினான்.

அச்சு அசல் அண்ணன்தான். மீசை மட்டும் கொஞ்சம் மெல்லிசு.

விசாரணை அறையில் உட்கார்ந்த உடனே மேஜையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினான்.

"நீங்க கூப்பிடுவீங்கன்னு தெரியும் மேடம். கூப்பிடணும்னுதான் நான் அப்படிப் பண்ணினேன்!"

"எப்படி?"

"அண்ணன் என்னை மிரட்டிச் சம்மதிக்க வெச்சான். சின்ன வயசுலேர்ந்து அவன் சொன்னா நான் தட்ட மாட்டேன். ஃப்ளைட்ல ஏறி உக்காந்தேன். அது சுத்த ஆரம்பிச்சுது. தூக்கித் தூக்கிப் போட்டுது. பக்கத்து சீட்டு அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'தம்பி, நாம பிழைப்போமாப்பா?'ன்னு கேட்டுது. எனக்கு அண்ணி ஞாபகம் வந்துடுச்சு மேடம். அவங்க கையால எத்தனை நாள் சாப்பிட்டிருப்பேன்! இது கடவுள் குடுக்கற தண்டனைன்னு பட்டுது. இந்த விமானம் மட்டும் தரையைத் தொட்டுட்டா, பாவம் பண்ணினவனை மாட்டி விட்டுடறேன்னு வேண்டிக்கிட்டேன்."

"அதனாலதான் அண்ணன்கிட்டப் பொய் சொன்னீங்க?"

"ஆமா! லேட்டா கிளம்புச்சுன்னு வேணும்னேதான் சொன்னேன். அவன் அதையே உங்ககிட்டச் சொல்வான், நீங்க கண்டுபிடிச்சுடுவீங்கன்னு தெரியும். அண்ணனை நேரா காட்டிக்கொடுக்க எனக்குத் தைரியம் இல்லை. என்னால முடிஞ்சது அவ்வளவுதான். என்னை அரசாங்க சாட்சியா எடுத்துக்கங்க மேடம். கோர்ட்டுல எல்லாத்தையும் சொல்லிடறேன்!"

ஒட்டடைக்குச்சி மூக்கை உறிஞ்சினார். கர்ச்சீப்பைத் தேடினார்.

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த பென்சிலை மேஜைமேல் மெல்ல உருட்டினாள்.

"மனசு மாறினது எங்க? ஆகாசத்துலயா?"

"சத்தியமா ஆகாசத்துலதான் மேடம்."

"இறங்கினீங்க. உங்க கையில அண்ணன் போன் இருந்துது. இல்லையா?"

"...ஆமா."

"உங்க அண்ணி அப்ப எந்த நிலைமையில இருக்காங்கன்னு உங்களுக்குத் தெரியாது. அண்ணன் காரியத்தை முடிச்சானா, இல்லையான்னே தெரியாது. கதவு தட்டிக் காப்பாத்த ஆள் வந்தாங்களான்னும் தெரியாது."

"தெரியாது மேடம்."

"அண்ணிக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம். ஆம்புலன்ஸுக்குப் பண்ணியிருக்கலாம். போலீஸுக்குப் பண்ணியிருக்கலாம். பேர்கூடச் சொல்ல வேண்டாம்! ஏர்போர்ட் வாசல்லேர்ந்து தோப்பு வரைக்கும் நடந்து போன நேரத்துல, ஊர்ல இருக்கற அத்தனை பேருக்கும் பண்ணியிருக்கலாமே. ஏன் பண்ணல?"

அவன் அழுகை பாதியில் நின்றது. குழாயைத் திருகி மூடியது போல.

"ப... பயம்..."

"பயந்தவன் அண்ணனுக்கு இத்தனை அழகாப் பொறி வைக்க மாட்டான். உங்க மூளை தெளிவா வேலை செஞ்சுது. ஆகாசத்துல வட்டம் போட்ட ஒரு மணி நேரத்தையும் நீங்க வீணாக்கல. கணக்குப் போட்டீங்க. அண்ணி செத்தா கட்டடம் அண்ணனுக்கு. அண்ணன்தான் கொன்னான்னு ஆயிட்டா, கொன்னவன் கைக்குச் சொத்து போகாது. குழந்தை குட்டியும் கிடையாது. அப்ப யாருக்கு?"

அவன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"ஆகாசத்துல மனசு மாறினது வாஸ்தவம்தான் சார். அண்ணனோட பங்காளியா ஏறினீங்க. முழுச் சொத்துக்கும் வாரிசா இறங்கினீங்க!"

ஒட்டடைக்குச்சி கர்ச்சீப்பைச் சட்டென்று பாக்கெட்டில் திணித்துக்கொண்டார். யாரும் பார்க்கவில்லையே என்று ஒரு தரம் சுற்றிலும் பார்த்தார்.

தம்பி நிமிர்ந்து உட்கார்ந்தான். கண்ணில் இப்போது ஒரு சொட்டு ஈரம் இல்லை. குரலிலும் இல்லை.

"நிரூபிங்க மேடம். போன் பண்ணாதது குத்தம்னு எந்தச் சட்டத்துல இருக்கு? நான் ஃப்ளைட்ல போனேன். வந்தேன். அவன் கொலை பண்ணினான். செத்தவ எழுந்து வந்து என்னைப் பத்தி என்ன சொல்லப் போறா?"

அண்ணி என்ற வார்த்தை 'அவ' ஆகியிருந்தது.

இன்ஸ்பெக்டர் எழுந்தாள்.

"செத்தது யாரு சார்?"

"என்ன?"

"உங்க அண்ணி உயிரோட இருக்காங்க. கொஞ்ச நேரத்துக்கு முன்னால கண்ணைத் திறந்துட்டாங்க. திறந்ததும் உங்களைத்தான் விசாரிச்சாங்க. கொழுந்தனாரை வந்து அண்ணன் பக்கத்துலயே இருக்கச் சொல்லுங்க, தனியா விடாதீங்கன்னு சொன்னாங்க."

அவன் முகத்தில் சந்தோஷம் வரும் என்று இன்ஸ்பெக்டர் ஒரே ஒரு விநாடி காத்துப் பார்த்தாள்.

வரவில்லை.

வந்தது வேறு. மேலே ஏறிக்கொண்டே இருந்த விமானத்தில் இரண்டு விசிறிகளும் ஒரே நேரத்தில் நின்றுபோனால், உள்ளே இருப்பவன் முகத்தில் வருமே... அது!

"உங்க அண்ணன் பக்கத்து ரூம்ல எல்லாத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டார். யோசனையே உங்களோடதுன்னு எழுதியிருக்கார். யார் உண்மை, யார் புளுகுன்னு கோர்ட்டுல நீங்க ரெண்டு பேரும் அடிச்சுக்கங்க. ஒட்டடை!"

"மேடம்!"

"அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் விலங்கு மாட்டி ஒரே ஜீப்புல ஏத்து. பக்கத்துப் பக்கத்துல உக்கார வை. அந்தம்மா ஆசைப்பட்டதை ஏன் கெடுக்கணும்?"

ஒட்டடைக்குச்சி விலங்கை எடுத்தார். அடுத்த அறையிலிருந்து, "டேய் துரோகி! வெளியில வாடா!" என்று அண்ணனின் கூச்சல் கதவைப் பிளந்துகொண்டு வந்தது. நாற்காலி ஒன்று சுவரில் மோதி உடைந்தது. தம்பி இரண்டு எட்டு பின்னால் போய் ஏட்டின் முதுகுக்குப் பின்னே ஒளிந்துகொண்டான். அந்த முதுகு பாதி ஆளைத்தான் மறைத்தது.

ஏட்டு கதவைப் பார்த்தார். முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பிறகு மிகவும் பணிவாகக் கேட்டார்.

"ஒரே ஜீப்பா மேடம்? ஜெயில் வாசலைத் தொடறதுக்குள்ள இன்னொரு கொலைக் கேஸ் விழுந்துடும்... அதை எந்த ஸ்டேஷன் எல்லையில சேர்த்துக்கறதுன்னு இப்பவே சொல்லிடுங்க!"